பதினோராவது துளை

வங்கி வாசலில் ஆறு வருடமாகக் கைத்துப்பாக்கியோடு காவல் நிற்கும் அவளுக்கு, உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் கண்ணாடியக்கா. தடித்த கண்ணாடி போட்டவளுக்குக் குறி வராது என்பது அவர்கள் கண்டுபிடித்த விஞ்ஞானம். ஆண்டுக்கு ஒருமுறை சுடுதளத்தில் பத்துக் குண்டு சுட்டு எழுபது புள்ளி எடுத்தால்தான் வேலை நிலைக்கும். அதற்காகத் தினமும் காலையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பிடித்தபடி, சமையலறைச் சுவரில் வைத்த மைப்புள்ளியையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“அம்மா, செவுரு எப்பவோ சரணடைஞ்சிடுச்சு. டீயப் போடு,” என்பாள் மகள்.

இந்த ஆண்டு அவளுடைய குறி அட்டையில் பதினோரு துளைகள். பக்கத்துத் தடத்தில் பயிற்சிக்காகப் பத்துக் குண்டு சுட்டவர், சுடுதளத்தை நடத்தும் கிளப் தலைவரின் மருமகன். அவர் அட்டையில் ஒன்பது. அடுத்தவர் அட்டையைத் தவறிச் சுடுவது எந்தச் சுடுதளத்திலும் நடப்பதுதான். ஆனால் இங்கே தவறு யாருடையது என்பதைத் துளையை வைத்தா முடிவு செய்தார்கள்? ஆளை வைத்து முடிவு செய்தார்கள்.

“துளை அதிகமா இருந்தா உசந்த புள்ளியக் கழிக்கணும். எழுபத்தேழுல பத்து போனா அறுபத்தேழு. ஃபெயில்,” என்றார் புள்ளி போடும் பயிற்சியாளர்.

“எனக்குக் குடுத்ததே பத்துக் குண்டு சார். துப்பாக்கி என்ன குட்டி போட்டுச்சா?”

“கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரும்மா. அவரு பதினஞ்சு வருஷமா சுடுறவரு.”

மருமகன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அவளுடையது பெரிய குண்டு, அவருடையது சிறியது. புள்ளி குறிக்கும் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தாள். பத்துத் துளைகளில் அது தாராளமாகப் போய் வந்தது. ஓரத்தில், நாலு புள்ளி வட்டத்திலிருந்த துளையில் மட்டும் கூர்முனையோடு நின்றுவிட்டது.

“இப்ப யாரு சார் கண்ணாடி போடணும்?”

நாலைக் கழித்தால் எழுபத்துமூன்று.

“சரி சரி, பாஸ் போட்டுட்டேன், போ,” என்று படிவத்தை நீட்டினார். அதில் எழுதியிருந்தது: ‘கருணை அடிப்படையில் தேர்ச்சி.’

கருணையாம்! பிடுங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பவனுக்கு வள்ளல் பட்டம் வேறு வேண்டுமா?

“அந்த வார்த்தைய அடிச்சிட்டு எழுபத்துமூணுன்னு எழுதுங்க. அப்பறம் கையெழுத்துப் போடறேன்.”

“இந்தப் பிடிவாதம் உனக்கு நல்லதில்லம்மா.”

அவள் படிவத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். கடிகாரத்தின் பெரிய முள் நாலு கோடு நகர்ந்தது. தாள் ஆடவில்லை.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.