சும்மா நின்ற லெஃப்ட் கார்னர்

கபடியைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் ஒரே ஒரு முறை ஆடியிருக்கிறேன். பாடிக்கொண்டு போனேன். எதிரணியில் யாரும் என்னைத் தொடுவதற்கு முன்பே மூச்சை விட்டுவிட்டேன். விளையாட்டு ஆசிரியர் அன்றே என்னைக் கோடு போடும் சுண்ணாம்புக்குப் பொறுப்பாளராக நியமித்தார். அந்த அனுபவத்தின் பலத்தில்தான், ஐம்பது வயது தாண்டிய பிறகு துபாய் கராமாவில் ஓர் அறையில் தலையணையில் சாய்ந்துகொண்டு, தொழில்முறை கபடிக்கு வரும் புதுப் பையன்கள் தேறுவார்களா மாட்டார்களா என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன்.

மகளின் கல்லூரிப் படிப்புக்காக அவளும் மனைவியும் சென்னைக்குப் போனபின் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு அந்த பேச்சலர் அறைக்கு வந்தேன். ஐந்து கட்டில்கள், நான்கு ஆட்கள். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மன்னார்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர். டெய்ராவில் துணிக்கடை விற்பனையாளர் ஒருவர். ராமநாதபுரக் கடற்கரை ஊர்க்காரரான அவர் எங்களுக்குப் பாய். நாகர்கோவிலிலிருந்து வந்த ஏசி மெக்கானிக் ஒருவர். பிறகு கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நான். வயது காரணமாகவும் வழுக்கை காரணமாகவும் எனக்குக் கீழ்க்கட்டில் ஒதுக்கப்பட்டிருந்தது. என் தலைக்கு மேலே இருந்த கட்டில் மட்டும் காலி. அதில் என் பெட்டியும் புத்தகங்களும் தற்காலிகமாகக் குடியிருந்தன.

அந்தக் கட்டிலுக்கு வரக்கூடியவர் யார் என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். ஃபோர்க்லிஃப்ட்காரரின் தம்பி.

தம்பியை அந்த வருடம்தான் ஒரு தொழில்முறை அணி எடுத்திருந்தது. லெஃப்ட் கார்னர். பாடி வருகிறவன் காலை நீட்டும் மூலையில் நின்று, அந்தக் காலைப் பிடித்து அவனை வீழ்த்துகிற வேலை. ஊர் மண்ணில் தம்பியைக் கண்டால் சுற்றுவட்டாரமே நடுங்குமாம். ஆனால் 'மேட்' எனும் ரப்பர் விரிப்பில், விளக்கு வெளிச்சத்தில் ஆடிய முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவன் அவசரப்பட்டுப் பாய்ந்தான். பாடி வந்த ரெய்டர்கள் அவனைத் தாண்டிக் குதித்து, ஒருவிதப் பரிவோடு திரும்பிப் பார்த்துவிட்டு, நடுக்கோட்டைக் கடந்து போனார்கள். பயிற்சியாளர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டார்.

ஊரில் அப்பாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. ஆட்டமெல்லாம் போதும், உன்னோடு அழைத்துக்கொள் என்று மூத்தவருக்கு உத்தரவு. கிடங்கிலும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் தம்பியின் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தால் விசா நிச்சயம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நகல் அண்ணன்காரரின் கைபேசியில் தயாராக இருந்தது. அனுப்பத்தான் மனம் வரவில்லை.

"நானும் ஒரு கார்னர்தான் சார்," என்றார் ஒருநாள். "இருபது வயசுல விசா வந்துச்சு. இப்ப சரக்கு அடுக்குற பேலட்டப் புடிச்சுக்கிட்டு இருக்கேன். பேலட்டு எந்தப் பக்கமும் ஓடாது."

ஆகவே எங்கள் விவாதத்தில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் எங்கள் குரல் தணிந்ததா என்றால் இல்லை.

"மண்ணுல ஆடுனவனுக்கு மேட்டு பிடிபட நாளாவும்," என்பார் மெக்கானிக். "எனக்க ஊர்ல ஒருத்தன் இருந்தான் கேட்டியளா, வெறுங்காலுல புலி. ஷூவ மாட்டுனா பூனை."

"ஷூவா பிரச்சின? பய அவசரக்குடுக்கை," என்பார் பாய். "ரெய்டர் உள்ள வந்து சலாம் சொல்றதுக்குள்ள இவன் காலப் புடிச்சிர்றான். வந்தவன உக்காரவாவது சொல்லணுமா இல்லியா?"

நான் என் பங்குக்கு, மதிலைக் காத்து நிற்பதற்கு நொச்சி என்று தனித் திணையே வகுத்தவர்கள் நாம், காவலுக்கு வேண்டியது வேகம் அல்ல பொறுமை, என்று தொடங்குவேன்.

"சார், நீங்க ஆட்டத்தப் பாருங்க," என்பார்கள் மூவரும். அறையில் ஒருமித்த கருத்து ஏற்பட்ட அரிய தருணங்கள் அவை.

அண்ணன்காரர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே ஒருமுறை மட்டும் தம்பிக்காக வாதாடினார். "ஊர்ல அவன் பாய்ஞ்சா விசிலடிப்பானுங்க. ஒரு நிமிசம் நின்னுட்டான்னா, 'என்னடா, பயந்துட்டியா?'ம்பானுங்க. சின்ன வயசுலேருந்து அதக் கேட்டே வளந்தவன். அவன எப்புடிங்க நில்லுன்னு சொல்றது?"

அதற்கு எங்களிடம் பதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை.

அன்று சமையல் பாய் முறை. பிரியாணி தம்மில் இருந்தது. அண்ணன்காரர் தம்பியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவர், கைபேசியைத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார். எங்களில் யாரோ அதற்கு முன்னால் ஊறுகாய் பாட்டிலை வைத்துவிட்டார். அழைப்பு முடிந்துவிட்டதாகத்தான் எங்கள் மூவருக்கும் எண்ணம்.

"உள்ளதச் சொல்றேன், அந்தப் பய தேறமாட்டான்," என்று பாய் கரண்டியை ஆட்டினார். அவர் ஊரில் காக்கா என்றால் அண்ணன். "காக்காவும் தம்பியும் சேந்து இங்கயே இருக்கட்டும். பாஸ்போர்ட்ட அனுப்பச் சொல்லுங்க."

"அதான் நல்லது," என்றார் மெக்கானிக். "மேக்கட்டில தூசி தட்டிப் போடுங்க சார்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "கிடங்கு வேலைக்கு அவசரம் ஒரு நல்ல குணம்தான்," என்றேன். சொல்லிவிட்டு என் நகைச்சுவையை நானே ரசித்துக்கொண்டிருந்தபோது ஊறுகாய் பாட்டில் பேசியது.

"பாய், அந்த பாட்டிலக் கொஞ்சம் நகத்துங்க. பேசுறது நல்லாக் கேக்குது. ஆளுதான் தெரியல."

பாய் பாட்டிலை நகர்த்தினார். பின்னால் ஒட்ட வெட்டிய தலையும் காதோரம் ஒரு பிளாஸ்திரியுமாகத் தம்பி. கோபம் இல்லை. அதுதான் எங்களை இன்னும் சங்கடப்படுத்தியது.

"நீங்க சொல்றது சரிதான் பாய். கோச்சும் இதத்தான் இந்தில சொல்றாரு. நில்லு, நில்லுங்கறாரு. மண்டைக்குப் புரியுது. ஆனா அவன் காலு பக்கத்துல வந்ததும் எங் காலு கேக்க மாட்டேங்குது." முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தான். "எப்புடி பாய் நிக்கிறது?"

இத்தனை வாரங்களாகக் கருத்துச் சொல்லியிருக்கிறோம். எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மெக்கானிக் தலையைத் தூக்கி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியைக் கவலையோடு ஆராய்ந்தார். நான் நொச்சித் திணையை மனதுக்குள் முழுவதும் துழாவினேன். மதிலின் உயரம், அகழியின் ஆழம், சூடிய பூ எல்லாம் அதில் இருந்தன. கால் துடித்தால் என்ன செய்வது என்று மட்டும் இல்லை.

பாய் அடுப்பை அணைத்தார். சுருதி இறங்கிய குரலில் சொன்னார்: "கபடி எனக்குத் தெரியாது வாப்பா. இவ்வளவு நாள் சும்மா கத்துனது. கடைதான் தெரியும், அதச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க பாய்."

"புதுசா வர்ற சேல்ஸ்மேனும் உன்னயப் போலத்தான். கஸ்டமர் கதவத் தொறந்ததும் பாய்ஞ்சு போயி, என்ன வேணும் என்ன வேணும்பான். வந்தவன் மிரண்டு ஓடிருவான். உள்ள வர்ற ஆளுக்குக் காலு லேசா இருக்கும், எந்தப் பக்கமும் திரும்பிருவான். விட்ரு. துணியத் தொட்டுப் பாக்கட்டும், வெல கேக்கட்டும். ஒரு நேரம் மூஞ்சிய வாசப் பக்கம் திருப்புவான் பாரு, அப்ப மனசு வெளிய போயிரும், காலு மட்டும் கடைக்குள்ள நிக்கும். அப்பப் புடிக்கணும்."

"அவன் திரும்பவே இல்லன்னா?"

"புடிக்காத. போகட்டும். திரும்ப வருவான். மூணாவது தடவ வர்றவன் வாங்காமப் போகமாட்டான்."

தம்பி கைகளைத் தூக்கிக் காட்டினான். "கையி சும்மா இருக்க மாட்டேங்குது பாய்."

"எனக்கும்தான். நான் அளவு நாடாவப் புடிச்சுக்குவேன். நீ பக்கத்துல நிக்கிறவன் கையப் புடிச்சுக்க. விட்ராத."

ஈரக் கையோடு அண்ணன்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கைபேசியை எடுத்து, "சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

மாதம் முடியப்போகும் ஒரு மாலை, அணிக்கு முக்கியமான ஆட்டம். மறுநாள் காலை நகல் சூப்பர்வைசர் கைக்குப் போயாக வேண்டும். அண்ணன்காரர் கிடங்குச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து தரையில் உட்கார்ந்தார். தம்பி வழக்கம்போல் வெளியே இருந்தான். ஆட்டம் முடியும் தறுவாயில், இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தபோது, லெஃப்ட் கார்னரில் நின்றவருக்குத் தோள் இறங்கிவிட்டது. தம்பி துண்டை வீசிவிட்டு உள்ளே ஓடினான்.

எதிரணி அவர்களுடைய பெரிய ரெய்டரை அனுப்பியது. அவர் நேராகப் புதுப் பையனிடம் வந்து, காலை நீட்டி, மீனுக்குத் தூண்டில் போடுவதுபோல் ஆட்டிக் காட்டினார். தம்பியின் உடம்பு முன்னால் சாய்ந்தது.

"நில்லு!" நால்வரும் ஒரே குரலில் கத்தினோம்.

அவன் பக்கத்தில் நின்றவனின் கையைப் பிடித்திருந்தான். சாய்ந்த உடம்பு அந்தக் கையில் தொங்கியது. ரெய்டரின் கால் இன்னும் ஒருமுறை ஆடியது. தம்பி போகவில்லை. ரெய்டர் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனார்.

அறை அதிர்ந்தது. "நின்னுட்டாண்டா!" என்று பாய் மெக்கானிக்கைத் தூக்கினார். மெக்கானிக் என்னைத் தூக்க முயன்று பாதியில் கைவிட்டார். சத்தம் கேட்டுப் பக்கத்து அறை மலையாளி கதவைத் தட்டினார்.

"எந்தா, கோளா?"

"கோல் இல்ல சேட்டா," என்றேன் மூச்சிரைக்க. "எங்க ஆளு சும்மா நின்னான்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். துக்க வீட்டில் கதவைச் சாத்துவதுபோல் மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த ரெய்டிலும் தம்பி நின்றான். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையேல் பாடி வந்தவர் அவுட். அதுதான் விதி. எனவே மூன்றாவது முறை அந்தப் பெரிய ரெய்டர் வலப்பக்கம் பாய்ந்தார். ரைட் கார்னர் அவரை அள்ளிப் போட்டான். வர்ணனையாளர் ரைட் கார்னரைப் புகழ்ந்தார், கேமரா அவன் பின்னாலேயே ஓடியது. திரையின் ஓரத்தில் ஒரு நொடி தெரிந்தான் எங்கள் ஆள். ஆட்டம் நின்றுபோன பிறகும் பக்கத்துக்காரன் கையை விடாமல் நின்றான். அந்தப் பையன் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தான்.

அணி வென்றது. தம்பியின் கணக்கில் புள்ளி ஒன்றும் இல்லை.

அண்ணன்காரர் கைபேசியோடு ஜன்னலருகே போனார். தம்பியைத்தான் அழைக்கிறார் என்று நினைத்தோம். மறுமுனையில் சூப்பர்வைசர்.

"சாப், மேரா சோட்டா பாய் நஹி ஆயேகா. கலாஸ்." தம்பி வரமாட்டான், முடிந்தது என்றதும் சூப்பர்வைசர் ஏதோ கேட்டார், வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டதா என்றிருக்க வேண்டும். அண்ணன்காரர் இந்தியில் தேடிப் பார்த்துவிட்டு, "ஹாங், ஹாங். உதர் கடா ஹை," என்றார். அங்கே நிற்கிறான் என்று அர்த்தம். அந்த முனைக்கு அது விளங்கியிருக்க வாய்ப்பில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த வருஷம் அவனை வெச்சுக்குவாங்களான்னே இன்னும் தெரியாதே?"

"தெரியாது சார். இன்னைக்கு யாரையாவது பாய்ஞ்சு புடிச்சிருந்தான்னா நகல அனுப்பிருப்பேன்." சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். "விசிலு இல்லாம நின்னான் பாத்தீங்களா. எனக்கு அது வரவே இல்ல." பிறகு மேல்கட்டிலைக் காட்டினார். "அதுக்கு வேற ஆளு பாத்துருங்க. எனக்காகப் போட்டு வைக்க வேணாம்."

பாய் எழுந்து அண்ணன்காரரின் முறைக்கு அரிசி களையப் போனார். அன்று பாய் முறை இல்லை.

சில வாரங்களில் என் பெட்டியும் புத்தகங்களும் கட்டிலுக்கு அடியில் குடியேறின. மேலே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். அன்று மாலை ஆட்டம் இருந்தது. கபடி பார்ப்பாரா என்று மெக்கானிக் கேட்டார்.

"இல்லை, நான் கைப்பந்துதான் பாக்கிறனான்," என்றார் அவர் பணிவாக.

பாய் ஆவேசமாக எழுந்தார். ஏதோ நினைவுக்கு வந்தவராக மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே என் கையையும் பிடித்துக்கொண்டார். புதியவர் பையைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். அவர் முகம் வாசல் பக்கம் திரும்பட்டும் என்று காத்திருந்தோம்.