மீன் பொரியும் சத்தம்

விருதுநகரில் நானும் என் கணவரும் வீடியோ சாமான் கடை வைத்திருக்கிறோம். கேமரா, லென்ஸ், லைட், மைக், ஸ்டாண்டு எல்லாம் விற்பதுண்டு. முகூர்த்த நாட்களில் வாடகைக்கும் விடுவோம். அவர் பழுது பார்ப்பார், நான் கல்லாவில் இருப்பேன். காலையில் ஊதுபத்தி கொளுத்தியதும், எந்தக் கம்பெனி என்ன புது மாடல் அறிவித்திருக்கிறது என்று போனில் பார்த்துவிடுவேன். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் டீ குடிக்கிற சாக்கில் வந்து, "புது கேமரா வெயில்ல சூடாகாதாமே, நெசமாக்கா?" என்பார்கள். அவர்கள் வாங்கப் போவதில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பேச்சில் ஒரு சுகம்.

அப்படி நாங்கள் பல நாள் பேசிக் காத்திருந்த மைக் ஒன்று கடைக்கு வந்து சேர்ந்தது. ஒயர் கிடையாது. சட்டையில் குத்திக்கொண்டால், சுற்றியிருக்கிற இரைச்சலை நீக்கிவிட்டுப் பேச்சை மட்டும் போனுக்கு அனுப்பும். ஒரு பெட்டியில் இரண்டு மைக். அந்த வாரமே நாரணாபுரத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தாள். முப்பது வயது இருக்கும். நக ஓரங்களில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பூச்சு கழுவியும் போகாமல் இருந்தது.

அவளுக்கும் அவள் கணவருக்கும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் அவர் சமைப்பார். அவள் போனில் படம் பிடித்துக்கொண்டே பேசி, யூடியூபில் போடுவாள்.

"நான் பேசுறது வெளங்கலன்னு கமெண்ட்டுல திட்டுறாகக்கா. காத்தும் லோடு லாரியுந்தான் கேக்குதாம்."

புது மைக்கை அவள் சேலையில் குத்திக் கடை வாசலில் நிற்கவைத்தேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பதிவானதைப் போட்டுக் காட்டினேன். அவள் குரல் மட்டும் தனியாக, கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. "அய்யோ, நானாக்கா இது!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"லாரி கேக்கல, காத்தும் கேக்கல. மீனு பொரியிறதும் கேக்கலக்கா. ஊமைப் படம் கணக்கா இருக்கு. எங்க வீட்டுக்காரரு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. எண்ணெய்ச் சத்தம் இல்லாம என்னத்தச் சமைக்கன்னு கேக்காரு."

அந்த மைக்குக்கு எண்ணெய் கொதிப்பதும் இரைச்சல்தான். விற்கும்போது எனக்கு இது தோன்றவே இல்லை. சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் இடத்தைப் பார்க்காமல் சொல்வது சரியாக வராது. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றேன்.

ஆமத்தூர் வழியாக ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தேன். வேப்பமரத்தடியில் விறகு அடுப்பு. அவள் கணவர் வெம்பக்கோட்டை அணையில் பிடித்த கெண்டை மீனை வாங்கி வந்து மசாலா தடவிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா" என்றதோடு சரி. மைக்கின் மேல் இன்னும் கோபம் போலிருக்கிறது.

இரைச்சல் நீக்கும் வசதியை முழுக்க அணைத்தேன். காற்றுக்கு, பெட்டியில் பிரிக்காமலே கிடந்த பஞ்சு உறையை மாட்டினேன். ஒரு மைக்கை அவள் சேலையிலும் இன்னொன்றை அவர் சட்டைப் பையிலும் குத்தினேன். அடுப்புக்கு மேல் அவர் குனிந்தால் எண்ணெய்ச் சத்தம் நேராக அதில் விழும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முதல் துண்டு சட்டியில் இறங்கியதும் காதுக்குள் சடசடவென்று மழை பிடித்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

அவள் பேச ஆரம்பித்தாள். பாதியில், வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து 'தும்' என்று ஒரு சத்தம் வந்தது. மரத்திலிருந்த காக்கைகள் எழுந்தன.

அவள் பேச்சு நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பாப்பா இன்னிக்கு வேலைக்குப் போயிருக்காளா?" என்று அவள் கேட்டாள்.

"அவுக கம்பெனியில தீவாளி சீசன்ல ஏது லீவு? விடிய வேன் ஏறிட்டா."

பாப்பா என்றது அவருடைய தங்கையை. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் வேன் டிரைவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் தன் போனை எடுத்துக்கொண்டு, டவர் கிடைக்கிற இடம் தேடி வீட்டுக்குப் பின்னால் ஓடினார்.

மைக் அவர் சட்டைப் பையில் இருந்தது. ஹெட்போன் என் காதில் இருந்தது. கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆள் கண்ணில் இல்லை. மூச்சிரைப்பு மட்டும் என் தலைக்குள் கேட்டது. "எடுலே... எடுலே, எடு." மணி போய்க்கொண்டே இருந்தது. அதன் அடியில், அவர் நெஞ்சு அடிப்பதும் கேட்ட மாதிரி இருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

பிறகு அவர் குரல் கேட்டது. "என்னலே சத்தம் அங்கன?"

டிரைவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "கல்குவாரியா? நல்லாத் தெரியுமாலே? சரி. பாப்பாகிட்ட நான் கூப்பிட்டதச் சொல்லாத, பயந்துருவா."

நான் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். "குவாரி வெடியாம்" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தாள். மீன் கரிந்து போயிருந்தது.

அவர் திரும்பி வந்து, கரிந்ததை எடுத்து நாய்க்குப் போட்டார். சட்டியைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றினார்.

"இன்னொரு நாள் எடுத்துக்கலாமே" என்றேன்.

"மீனு கெட்டுப் போகும்லக்கா" என்றார்.

மறுபடியும் எடுத்தோம். அவள் குரல் முதலில் கொஞ்சம் தடுமாறி, பிறகு சரியானது. முடித்ததும், வெடிச் சத்தம் விழுந்த முதல் பதிவை என்ன செய்வது என்று கேட்டேன். "அழிச்சிருங்கக்கா. மீனு பாக்க வந்தவுகளுக்கு இது எதுக்கு" என்றாள். கையை நீட்டிப் போனை வாங்கி, அவளே அழித்தாள். அதன்பின் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. மீன் முறுகலாக இருந்தது, முள் நிறைய. சாப்பிடும்போது மூவரும் மைக்கைப் பற்றித்தான் பேசினோம்.

அடுத்த வார வீடியோவில், வேலை முடிந்து வந்த அந்தத் தங்கையும் இருந்தாள். அண்ணன் வைத்த கோழிக் குழம்பை ருசி பார்த்து, உப்பு கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் தாங்காமல் ஆடியோ லேசாகக் கிழிந்தது. சத்த அளவைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லி அண்ணிக்காரிக்குச் செய்தி அனுப்பினேன்.

அவளிடமிருந்து குரல் பதிவாகவே பதில் வந்தது: "அவ சிரிப்பே அம்புட்டுச் சத்தந்தான்க்கா. அதக் கொறைக்க முடியாது, மைக்கத்தான் கொறைக்கணும்."