ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்ட பெட்டி

சித்தப்பாவின் கலியாணத்துக்கு எங்களுக்கு முன்னால் எங்கள் பெட்டி புறப்பட்டுவிட்டது. நாங்கள் மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குச் சனிக்கிழமை காலையில் காரில் ஏறுவதாக இருந்தோம். பெட்டியோ வெள்ளிக்கிழமையே கிளம்பி, பக்கத்து வீட்டு விறாந்தைவரை போயிருந்தது. அதற்கு மேல் அது போன தூரத்துக்கு நான்தான் காரணம். ஐம்பது வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகியிருந்தது. சிட்னியில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் என்று அந்தக் கண்டத்திலேயே இருந்தது நாங்கள் மூன்று பேர். அதனால் தாலியும் கூறைச் சேலையும் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு. தாலி அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது. கூறை ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவரின் கையில் வந்து சேர்ந்தது. அரக்குச் சிவப்பில் கையகலச் சரிகை. அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் தலைகீழாக நின்றாலும் அப்படி இன்னொன்று கிடைக்காது. கூறை உடுத்தி வராத பெண்ணின் கழுத்தில் எங்களில் ஒருவரும் தாலி கட்ட மாட்டார்கள்.

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்தார். சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது.

"சிட்னி வடகிழக்கிலையெல்லே இருக்கு. அரைச் சூலம்தானே, பரவாயில்லை," என்றார் அப்பா.

"சூலத்திலை அரை, கால் எண்டு இருக்கே? உங்கடை ஒரே ஒரு தம்பியின்ரை கலியாணம்."

இதற்கெல்லாம் நம் முன்னோர் வழி வைத்திருந்தார்கள். பயண நாள் சரியில்லை என்றால், முதல்நாளே நல்ல நேரம் பார்த்துப் பயணச் சாமான் ஒன்றைப் போகும் திசையில் உள்ள இன்னொரு வீட்டில் வைத்துவிடலாம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அம்மா அதைப் பரஸ்தானம் என்பார். தலை துவட்டும் பழைய துவாய் ஒன்றை வைத்தால் போதாதா என்று அப்பா கேட்டார்.

"கடவுளுக்கே சுத்துமாத்துக் காட்டுறியளோ? கொண்டுபோற சாமானிலை முக்கியமானதைத்தான் வைக்கவேணும்."

எங்களுக்குக் கிழக்கே இருந்தது ஒரு வெள்ளைக்கார அன்ரியின் வீடு. அறுபது வயதிருக்கும், தனி ஆள். தோட்டத்தில் விளைந்ததையெல்லாம் ஜாம் காய்ச்சி, வாரத்துக்கு ஒரு போத்தல் எங்களுக்குத் தந்துவிடுவார். தான் போகும் சேர்ச்சில் தருமத்துக்கு விற்க, தெருவெல்லாம் பழைய சாமான் சேர்ப்பவரும் அவர்தான். அவரும் அம்மாவும் உயிர்ச் சிநேகிதிகள். அவர் பேசுவது அம்மாவுக்குப் புரியாது, அம்மா பேசுவது அவருக்குப் புரியாது. நடுவில் நான். ஒன்பது வயதிலேயே எனக்கு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம், அதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா வேலைக்குப் போன பிறகு, சரியான நேரத்துக்கு, கூறையும் எங்கள் பட்டு உடுப்புகளும் அடுக்கிய பெட்டியை அம்மாவும் நானும் தூக்கிக்கொண்டு போனோம். அம்மா வலது காலை முன்வைத்து விறாந்தையில் ஏறிப் பெட்டியைக் கிழக்குப் பார்க்க வைத்தார். அன்ரி ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"சொல்லு பிள்ளை," என்றார் அம்மா.

என்னத்தைச் சொல்ல? பெட்டி இன்றைக்குப் போகிறது, நாங்கள் நாளைக்குப் போகிறோம் என்றா? கிழக்கே வானத்தில் ஒரு சூலம் நிற்கிறது என்றா? பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தே மூக்கைப் பிடிப்பவர்கள் இருந்தார்கள். இதுவும் வெளியே தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும். அன்ரி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "இது எங்கள் சேர்ச் விற்பனைக்கா, கண்ணே?"

"யெஸ்," என்றேன்.

அந்த நேரத்துக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. ஒரு சொல்லோடு காரியம் முடிந்தது. பின்னால் நின்ற அம்மா நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, கழுத்துச் சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டினார். அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவை அப்படியே கட்டிப்பிடித்தார்.

"பாத்தியே, எங்களை வழியனுப்ப என்ன மாதிரிக் கட்டிப்பிடிக்கிறா! சொந்தச் சனம்கூட இப்பிடிச் செய்யாது," என்று அம்மா வீடு திரும்பும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய்ப் பெட்டியை நானே எடுத்துவந்துவிடுவது. சேர்ச் விற்பனை அந்தச் சனிக்கிழமையேதான் என்பதும், அன்ரி எதையும் நாளைக்கென்று வைக்காதவர் என்பதும் என் திட்டத்தில் இல்லை.

சனிக்கிழமை ஆறரைக்கு அந்த விறாந்தை வெறுமையாகக் கிடந்தது. அன்ரியின் காரும் இல்லை. கதவில் ஒட்டியிருந்த சேர்ச் விற்பனை நோட்டீசில் அன்றைய திகதி போட்டிருந்தது. திரும்பி ஓடிவந்து, "அன்ரி பெட்டியைச் சேர்ச்சுக்குக் கொண்டு போட்டா போலை. இண்டைக்கு அங்கை சந்தை," என்றேன். என் பங்கை மட்டும் சொல்லவில்லை.

அம்மா தாலி இருந்த கைப்பையைப் பாய்ந்து எடுத்தார். பிறகு, "இஞ்சேருங்கோ, காரை எடுங்கோ!" என்று போட்ட சத்தத்தில் தெருவிலிருந்த வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன.

என் வாழ்நாளில் அப்பா மஞ்சள் விளக்கைத் தாண்டியது அன்றைக்குத்தான், அதுவும் இரண்டு தடவை. அம்மா முன் ஆசனத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டு வந்தார். பதினொன்றில் தொடங்கிய தேங்காய், ரயில் கடவை மூடியிருப்பதைக் கண்டதும் நூற்றியொன்று ஆகிவிட்டது. மெல்பேர்னில் அவ்வளவு தேங்காய்க்கு எங்கே போவது என்று கேட்க அப்பாவுக்கு வாய் துடித்தது தெரிந்தது, ஆனால் கேட்கவில்லை. எனக்குப் பயம் பாதி என்றால் குதூகலம் பாதி. வெட்கத்தைவிட்டுச் சொன்னால் குதூகலம்தான் கொஞ்சம் கூட.

சேர்ச் மண்டபத்துக்குள் ஏப்ரன் கட்டிய பெண்கள் மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நுழைந்ததும் என் பட்டுப்பாவாடையைக் கண்டேன். குழந்தைகளின் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் பட்டு வேட்டி படுக்கை விரிப்புகளோடு மடித்துக் கிடந்தது. கூறையை மட்டும் காணவில்லை.

கண்டுபிடித்தவர் அம்மாதான். மண்டபத்தின் நடுவில், எல்லாவற்றிலும் நீளமான மேசைக்கு அதை விரித்திருந்தார்கள், சரிகைக் கரை முன்பக்கம் அழகாகத் தொங்கும்படி. மேலே கேக்குகள். கிரீம் வைத்தது, சொக்லேட் தடவித் தேங்காய்ப் பூவில் புரட்டியது, கழுத்துவரை இனிப்பு நிறைத்த பெரிய போத்தல் ஒன்று. அந்த மண்டபத்தில் அதைவிட அலங்காரமான மேசை வேறில்லை.

அம்மா கத்துவார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். கத்தவில்லை. மேசைக்கு முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றினார். பிறகு கேக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுத்த மேசைக்கு மாற்றத் தொடங்கினார். "எட்டு மணிக்குத்தான் விற்பனை தொடங்கும், அன்பே," என்று ஒரு பெண்மணி பணிவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா அந்தப் பெண்மணியின் கையிலும் ஒரு கேக்கைக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார்.

அப்போதுதான் அன்ரி குசினியிலிருந்து தேநீர்க் கோப்பைகளோடு வந்தார். அப்பா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். கலியாணம், நாளைக் காலை, பெட்டியை வைத்தது சாஸ்திரத்துக்கு, கொடுப்பதற்கல்ல. அன்ரியின் முகம் வெளுத்தது. "ஆனால் இந்தப் பிள்ளை—" என்று தொடங்கி என் பக்கம் திரும்பினார்.

நான் தேங்காய்ப் பூக் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவும் என்னைப் பார்க்கத் திரும்புவது தெரிந்தது.

"இல்லை," என்றார் அன்ரி. "பிள்ளை சரியாகத்தான் சொன்னாள். நான்தான் கவனிக்காமல் விட்டேன். பிழை முழுக்க என்னுடையது."

"என்னவாம்?" என்றார் அம்மா என்னிடம்.

"நான் சரியாத்தான் சொன்னனானாம், தான்தான் கவனிக்கேல்லையாம். பிழை முழுக்கத் தன்ரையாம்," என்றேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் விடவில்லை.

கூறையின் ஒரு மூலையில் கிரீம் பட்டிருந்தது. அன்ரி ஈரத்துணியோடு ஓடிவந்து குனிந்தார். "விடச் சொல்லு. தொட வேண்டாமெண்டு சொல்லு," என்றார் அம்மா. அதையும் மொழிபெயர்த்தேன். அன்ரி துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

ஏழே முக்காலுக்கு ஹியூம் நெடுஞ்சாலையில் இருந்தோம். சூலத்துக்குக் குறுக்கே, அப்பா மிதித்த மிதியில். ஊருக்கு ஊர் கல்லில் ஒரு போர்வீரன் சிலை, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டு விற்கும் கடை ஒன்று, அப்பால் கண்ணெட்டும்வரை செம்மறி. மறே ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது நான் வாய்விட்டுப் பாடினேன். சித்தப்பா மறுநாள் உரிய நேரத்தில் தாலி கட்டினார். மணவறையில் கூறையிலிருந்து வனிலா வாசம் வந்ததாகச் சித்தி இன்றைக்கும் சொல்கிறார்.

அந்தக் கதை எங்கள் சனத்துக்குள் பிரபலமாகிவிட்டது. அம்மா சொல்லத் தொடங்கினால் பந்தியில் சோறு ஆறிப்போகும். எல்லாரும் சிரிப்பது 'மூளையில்லாத வெள்ளைக்காரி' கூறையை மேசைக்கு விரித்த இடத்தில். நானும் சிரிப்பேன். சிட்னியிலிருந்து திரும்பிய பிறகு அம்மா அன்ரியைக் கண்டால் தலையாட்டுவதோடு சரி. வீட்டுச் சாவியை இனி அங்கே கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னார். அன்ரி ஜாம் போத்தலை நேரில் தராமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். ஒருநாள் வேலிக்கு அப்பாலிருந்து, கலியாணம் நன்றாக நடந்ததா என்று என்னிடம் கேட்டார். நடந்தது என்றேன். பெட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்ரிக்கு வயதாகிவிட்டது, நான் யெஸ் சொன்னதை மறந்துவிட்டார் என்று அந்த ஒன்பது வயதில் நினைத்துக்கொண்டேன். நல்ல காலம், மறதிக்காரக் கிழவி என்று மகிழ்ந்து, அவர் தந்த ஜாமை ரொட்டியில் தடிப்பாகப் பூசிச் சாப்பிட்டேன்.