பின்சீட்டுக்கும் சேர்த்து ஒரு டயர்

“வெள்ளிக்கிழமை வர்றேன். வண்டி ஓடுதா?”

சென்ற வாரம் போனில் என் மனைவி வசந்தா கேட்ட முதல் கேள்வி இது. சாப்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா... ம்ஹூம். வண்டி ஓடுதா?

“ஓடுமே!” என்றேன். ஓடாது என்று எனக்கும் தெரியும், எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் குடும்ப விவரம். மகள் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். பேத்தி பிறந்ததும் “மூணு மாசம் இருந்துட்டு வர்றேன்” என்று வசந்தா ரயிலேறினாள். பேத்தி இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், என் போட்டோவைப் பார்த்து நாக்கைக்கூட நீட்டுகிறாள். அந்த மூணு மாசம் மட்டும் முடிந்தபாடில்லை.

நான் ஆம்பூரிலேயே இருக்கிறேன். ஷூ ஃபேக்டரியில் சேம்பிள் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆகிவிட்டாலும் அவசர ஆர்டர் வந்தால் கூப்பிடுவார்கள். அதைச் சாக்காக வைத்து இங்கேயே தங்கிவிட்டேன். பெங்களூர் ஃபிளாட்டில் எனக்கு இடம் உண்டு. ஆனால் அங்கே நான் உட்காருகிற நாற்காலியில்தான் எல்லாருக்கும் துணி மடிக்கத் தோன்றும்.

சரி, வண்டிக்கு வருவோம்.

பழைய புல்லட். கல்யாணமான புதிதில் நான் வாங்கும்போதே அது பழசுதான். வசந்தா ஒருக்களித்து ஏறி, வலது கையை என் தோளில் போட்டால், ஊரே அவளுடையது என்பதுபோல உட்கார்ந்திருப்பாள். அவள் பெங்களூர் போனதும் வண்டியை மூடிவைத்துவிட்டேன். ஒரு ஆளுக்காக எதற்கு அதை உதைத்துக்கொண்டு? கவரை எடுத்துப் பார்த்தால் பின் டயர் முழுக்க வெடிப்பு.

தோஸ்த் நசீரைக் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனேன். நசீரும் எங்கள் ஃபேக்டரிதான். முப்பது வருஷமாக என் தப்புகளில் பாதி அவன் யோசனை.

“மூணேகால்-பத்தொம்பது இருக்குதா?” என்று கேட்டேன். மூன்றேகால் அங்குல அகலம், பத்தொன்பது அங்குல ரிம். வண்டி பிறந்ததிலிருந்து அதற்கு அதுதான் அளவு.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “மூணேகாலா? இப்ப யாரு சார் கேக்கறாங்க? சொல்லி வச்சா வரும்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள?”

“இன்னா சார், டயருக்கு நாள் கிழமை தெரியுமா?”

அவரிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, மில்லிமீட்டர் கணக்கில் 90/90-19. தொண்ணூறு மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் தொண்ணூறு சதவீதம் உயரம், ரிம் அதே பத்தொன்பது. மற்றது அங்குலக் கணக்கில் நான்கு. கொழுக் மொழுக்கென்று சுவரில் சாய்ந்திருந்தது.

மூணேகால் அங்குலத்தை மில்லிமீட்டராக்கினால் எண்பத்து இரண்டரை சொச்சம். ஆக, தொண்ணூறு என்பது பக்கத்து வீடு. நான்கு என்பது பக்கத்து ஊர். இங்கிலீஷ் ஏழாம் நம்பர் ஷூ என்றால் ஐரோப்பாவில் நாற்பத்தொன்று என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவன் நான். எனக்கு இது தெரியாதா?

தெரியும். ஆனால் நான் ஆம்பூர்க்காரனாயிற்றே!

எங்கள் ஊரில் ஷூ வாங்கும் முறையே வேறு. எக்ஸ்போர்ட்டில் கழித்த ஜோடி எந்த அளவில் கிடைக்கிறதோ, அதுதான் நம் அளவு. ஒரே ஒரு சட்டம் உண்டு. கம்மியாக எடுக்காதே, ஜாஸ்தியாக எடு. உள்ளே இன்னொரு இன்சோல் அட்டையைச் செருகினால் கால் அடங்கிவிடும். என் ரிசப்ஷனுக்கே அப்படி ஒரு ஜோடிதான் போட்டேன். மேடைப்படி ஏறும்போது நான் மேலே போய்விட்டேன், இடது ஷூ கீழேயே நின்றுவிட்டது. வசந்தா என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

“ஜாஸ்தி இருந்தா தப்பில்லப்பா. கம்மின்னாதான் பேஜார்” என்றான் நசீர்.

நான்கை எடுத்தேன்.

மாட்டியதும் ஜம்மென்று இருந்தது. பேர்ணாம்பட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. பேசாமல் முதலிலேயே நான்கு போட்டிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

வீட்டு வாசலில் நசீர் காத்திருந்தான். “பாபி உக்காரப் போறாங்க. முதல்ல நான் உக்காந்து பாக்கறேன்” என்று பின்னால் ஏறினான். வசந்தா அவனுக்கு பாபி, அதாவது அண்ணி.

சர்ர்ர்ர்...

நிறுத்தினேன். இறங்கினான். உருட்டினேன், சத்தம் இல்லை. மறுபடி ஏறினான். சர்ர்ர்ர்... பின்னால் ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இறங்குகிறது. பருத்த டயர் மட்கார்டில் போய் உரசுகிறது.

“பாபி என்னைவிட வெயிட் கம்மிதானே?” என்றான் நசீர்.

“எவ்ளோன்னு நீயே போன் பண்ணிக் கேளேன்.”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்தால் கச்சிதம். இன்னொருவர் ஏறினால் உரசல். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே?

உள்ளே போனேன். கட்டிலில் அவள் பக்கம் முழுக்கப் பழைய பேப்பர். அடுப்படியில் வெளியே இருப்பது ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவளுக்கு ஆகாத சத்தத்தில் டிவி. பாத்ரூம் கொடியில் என் துண்டு ஒன்றே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. வீடு எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அவள் வந்து உட்கார்ந்தால்?

அவள் எப்போது வருவாள் என்று இத்தனை மாதம் ஏங்கியவன் நான். சாயங்காலம் காப்பி போடும்போது கை தன்னால் இரண்டாவது டம்ளரைத் தேடிய நாட்கள் உண்டு. எப்போது தேடுவதை நிறுத்தியது? தெரியவில்லை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வேலூர் போனேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். “தொண்ணூறு போடுங்க சார், அதுவே சரியா இருக்கும்” என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அன்றைக்கு நியாயம் தேவைப்படவில்லை. பழைய அளவே தேவைப்பட்டது. கடைசியில் ஒரு கடையின் பரணிலிருந்து மூணேகால் இறங்கியது. தயாரித்த தேதி புதிதுதானா, இரண்டு பேர் எடையைத் தாங்குமா என்று பக்கவாட்டு எழுத்தையெல்லாம் கண்ணாடி போட்டுப் படித்தேன். கடைக்காரர், “பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்களே” என்றார்.

திரும்பும்போது டயரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா சார், நம்ம பஸ்ஸுக்கு ஸ்டெப்னியா?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க. ஊர்லருந்து வீட்டுக்காரம்மா வர்றாங்க.”

அவருக்கு என்ன புரிந்ததோ, டயருக்கு லக்கேஜ் டிக்கெட் போடாமலே நகர்ந்தார்.

சாயங்காலத்துக்குள் டயர் மாட்டியாயிற்று. நசீர் ஏறினான். சத்தம் இல்லை. வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கினேன். நசீர்தான் “யா அல்லா!” என்றான்; டயர் மூச்சுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் இறங்கிய வசந்தா முதலில் வண்டியைத்தான் பார்த்தாள். அப்புறம் என்னை.

“ரெண்டும் இளைச்சிடுச்சு” என்றாள்.

ஒருக்களித்து ஏறினாள். கை தோளுக்கு வந்தது. கிளம்பினேன். காது முழுக்கப் பின் சக்கரத்தில்.

“இன்னாங்க, பேசாம வர்றீங்க?”

“ஒண்ணுமில்ல. நீ பேசு.”

அவள் பேசினாள். பேத்திக்குக் கடைவாய்ப்பல் முளைத்தது, லிஃப்ட் நின்றுபோனது, பக்கத்து ஃபிளாட் நாய்... வீடு வரும்வரை வேறு எந்தச் சத்தமும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தவள் கட்டிலைப் பார்த்தாள். அவள் பக்கம் புது விரிப்பு. குனிந்து அடியில் பார்த்தாள். “இவ்ளோ பேப்பரையும் நேத்துதானே தள்ளுனீங்க?”

பொய் சொல்லி என்ன பயன்? தலையாட்டினேன். அவள் கோபிக்கவில்லை. “அங்க நானும் கட்டில்ல நடுவுலதான் படுக்கறேன்” என்றாள் மெதுவாக.

மறுநாள் வண்டியிலேயே வேலூர் பக்கம் அமிர்தி காட்டுக்குப் போய்வந்தோம். அருவியில் தண்ணீர் கம்மி. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஸ்டேஷன், மறுபடியும் பெங்களூர் ரயில். “இன்னும் மூணு மாசம்தான்” என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். ரயில் போன பிறகும் பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

நேற்று நசீர் வந்தான். “பாபிதான் போய்ட்டாங்களே. அந்தப் பெரிய டயர மாட்டிக்கயேன், சும்மாதானே கிடக்குது? உனக்கு ஒருத்தனுக்கு ஜம்முனு இருக்கும்.”

“இருக்கும்ப்பா. அதான் வேணாம்.”

ஓட்டுவது ஒரு ஆள்தான்... அளவு இரண்டு பேருக்கு இருக்கட்டும்!