சாவடிக்கு அப்பால் பிறந்தவன்

என் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் பட்டுக்குக் கீழே, சுருட்டி வைத்த துணிப்பட்டை ஒன்று கிடக்கிறது. அம்மாவின் அரக்குக் கரை போட்ட பழைய நூல் புடவையிலிருந்து கிழித்தது. போன மாதம் பெட்டியை ஒழுங்குபடுத்தப் போன மருமகள் அதை அடுப்படிக்குக் கரித்துணியாக எடுத்துக்கொண்டு போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அது என் அண்ணன் பந்து விளையாடும்போது கணுக்காலில் சுற்றிக்கொள்வதற்காகக் கிழித்த துணி. அவன் அதைச் சுற்றிக்கொள்ளாமலே போனான். அந்தக் காரணத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் வீடு திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில் இருந்தது. அப்பாவின் அப்பா கட்டிய வீடு. சாலை என்ற கடைத்தெருவில் அப்பாவுக்கு மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். அண்ணன் பகலெல்லாம் கடையில் மூட்டை நிறுப்பான். நாலு மணி ஆனால் அவன் கால் தரையில் நிற்காது. மைதானத்துக்கு ஓடிவிடுவான். கால்பந்தில் ரைட் அவுட், வலது ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடுகிறவன். பூட்ஸ் கிடையாது, அன்றைக்கு யாருக்கும் கிடையாது. கணுக்காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவான். துணி கிழிப்பது என் வேலை. பழைய நூல் புடவைதான் காலில் நழுவாது என்பான். வயதுக்கு வந்த பெண்ணை மைதானத்துக்கு யார் விடுவார்கள்? அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது எழும் சத்தம் எங்கள் மச்சுவரைக்கும் கேட்கும். அதை வைத்தே நான் ஆட்டத்தைப் பார்த்துவிடுவேன். வெளியே மலையாளம், வீட்டில் தமிழ் என்று அவனுக்கு இரண்டு நாக்கு. மைதானத்தில் திட்டுவது மட்டும் இரண்டையும் கலந்து திட்டுவான் என்று அவன் கூட்டாளிகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் காலத்தில் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் பந்தாட்டம் என்றால் சாலையில் பாதிக் கடைகள் சீக்கிரம் அடைக்கும். சமஸ்தானத்துக்காக ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்பதைத் தவிர அண்ணனுக்கு வேறு ஆசை கிடையாது. பெண் பார்க்கப் போகலாம் என்று அப்பா சொன்னபோதுகூட, அது முடியட்டும் என்றான். அதற்கு முந்திய வருஷம் கொச்சிக்காரர்கள் நம்மைத் துவைத்து எடுத்திருந்தார்கள். அவர்களுக்காக கோல் போட்டவன் மலபாரில் பிறந்தவன். கைக்குழந்தையாகக் கொச்சிக்கு வந்து அங்கேயே வளர்ந்தவன்தான், ஆனாலும் பிறந்தது பிரிட்டிஷ் சீமையில் என்று நம் கமிட்டிக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். சண்டை போட்டு, இனிமேல் அந்தந்த சமஸ்தானத்து மண்ணில் பிறந்தவன்தான் அந்தந்த அணிக்கு ஆடலாம் என்று ஒரு சட்டத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று சாலையில் வெடி போட்டார்கள். அண்ணனும் போட்டான். பாவி, தனக்குத்தான் அந்த வெடி என்று அவனுக்கு எப்படித் தெரியும்!

அந்த வருஷம் அவனை அணிக்கு எடுத்துவிட்டார்கள். அம்மா தெருவெல்லாம் அதிரசம் கொடுத்தாள். ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கமிட்டிச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கடையில் வாடிக்கைக்காரர். வெள்ளை வேட்டி, தங்க ஃபிரேம் கண்ணாடி, சிரித்த முகம். அம்மா அவருக்கு அதிரசமும் காப்பியும் கொடுத்தாள். அவர் சாப்பிட்டபடியே கேட்டார்: "மோன் ஜனிச்சது இவிடெ தன்னெயோ, அம்மா?" மகன் பிறந்தது இங்கேதானா என்று.

என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம், திருவிதாங்கூர் எல்லையில் ஆரல்வாய்மொழிச் சாவடியைத் தாண்டினால் வரும் பிரிட்டிஷ் சீமை. அவளிடம் அண்ணன் பிறந்த கதையை யாரும் கேட்கவே வேண்டாம். கேட்காமலே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டால் விடுவாளா? "மூத்த பேறுல்லா! அதை எங்க வீட்டுலதான பாப்பாவ. ஏழாம் மாசம் எங்கப்பா வில்வண்டி கெட்டிக்கிட்டு வந்துட்டாவ. ஆரல்வாய்மொழிச் சாவடியில சுங்கக்காரன் வண்டியை மறிச்சு, உள்ள என்ன சரக்குன்னு கேட்டான். எங்கப்பா சொன்னாவ, 'போகையில ஒண்ணு, வரும்போது ரெண்டா வரும், அப்ப வரி போட்டுக்கோ'ன்னு!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். செயலாளரும் சிரித்தார். இன்னொரு அதிரசம் எடுத்துக்கொண்டார். மூத்த பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போவது எங்கள் பெண்களுக்கு ஒரு பெருமை. அப்பன் வந்து அழைக்காத பெண்ணைத்தான் ஊர் இரக்கத்தோடு பார்க்கும். அந்தப் பெருமையைத் தின்னக் கொடுத்த பலகாரத்தோடு சேர்த்து அவருக்கு எடுத்துக் கொடுத்தாள் அம்மா.

ஆட்டத்தன்று காலையில் நான் இந்தத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் முற்றத்தில் நின்று காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். கமிட்டியிலிருந்து ஒரு ஆள் வந்து, ஜெர்சியைத் திரும்ப வாங்கி வரச் சொன்னார்கள் என்றான். அண்ணன் சாவடிக்கு அப்பால் பிறந்தவனாம். கொச்சிக்காரர்கள் புகார் கொடுத்தால் வம்பாகிவிடுமாம். அவன் இடத்தில் ஆடப்போவது யார் தெரியுமா? செயலாளரின் மருமகன்.

சட்டம் என்றால் சட்டம் என்று நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதே அணியின் கோல்கீப்பர் ரங்கூனில் பிறந்தவன். அவன் அப்பா அங்கே பெரிய உத்தியோகத்தில் இருந்தார். ஊருக்கே தெரிந்த சங்கதி. அப்பா மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே செயலாளர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். "அதினென்தா? அவன்டெ தறவாடு இவிடெயல்லே" என்றாராம் அவர். குடும்ப வீடு இங்கே இருக்கிறதாம். அப்படியானால் எங்கள் தாத்தா கட்டிய வீடு எங்கே இருக்கிறது, வானத்திலா? அதையும் அப்பா கேட்டிருக்கிறார். "நிங்கள் பாண்டிகளல்லே, அண்ணாச்சி" என்று அவர் மெதுவாக, அன்பாகக்கூடச் சொன்னாராம். தமிழ் பேசுகிறவர்களை அங்கே பாண்டி என்பார்கள்; அவர் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகக்கூடியவர்கள். கடல் தாண்டிப் பிறந்தவன் மண்ணின் மைந்தன். வில்வண்டி போய்த் திரும்பும் தூரத்தில் பிறந்த என் அண்ணன் அந்நியன். இதற்குப் பெயர் சட்டமா?

அன்று சாயங்காலம் நம் அணி ஜெயித்தது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். தோற்றிருந்தால் நாலு பேராவது அண்ணனை நினைத்திருப்பார்கள். வெடிச் சத்தம் கேட்டபோது அவன் கடைக்குள் மிளகாய் மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டவர்களிடம் மிளகாய் நெடி என்றான். அடுத்த வருஷம் மாமா வள்ளியூரிலிருந்து வந்து திருநெல்வேலி அணிக்காவது ஆடச் சொன்னார். போனான். திருவிதாங்கூர்க்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று அங்கேயும் திருப்பி அனுப்பினார்கள். "எனக்கு ஆரல்வாய்மொழிச் சாவடியிலதான் மைதானம் போடணும்" என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை.

அம்மாதான் உடைந்துபோனாள். "நான் இங்கனயே கெடந்து பெத்திருக்கலாமே மக்கா" என்று ஒரு தடவை சொன்னாள். "நீ என்ன தப்பு செஞ்ச? உன்னைப் பெத்தவுக ஆசையா கூப்பிட்டாவ, போன" என்றான் அண்ணன். ஆனால் வில்வண்டிக் கதையை அவள் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அவள் அப்பாவைப் பற்றி இருந்த ஒரே வேடிக்கைக் கதை அது. ஆட்டத்தில் இடம் போனதைக்கூட மன்னிக்கலாம், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு என்னைப் பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். மூத்த பேற்றுக்கு நானும் முறைப்படி ஆரியசாலைக்கு வந்தேன். மகன் பிறந்தான். அந்த அரக்குக் கரைப் புடவையில் மிச்சமிருந்ததில்தான் அம்மா தொட்டில் கட்டினாள். அண்ணன் கடையிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான். குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணுக்காலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான்.

"மருமகனே, நீ திருவிதாங்கூருக்கு ஆடலாம்டே. உன்னை ஒருத்தனும் கேக்க முடியாது" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐம்பதாவது நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். என் மகனுக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. பந்தைக் கண்டால் ஒதுங்கிப் போவான். அந்தச் சாவடியும் இப்போது இல்லை, சமஸ்தானமும் இல்லை, அண்ணனும் இல்லை. துணிப்பட்டையை மறுபடி சுருட்டிப் பட்டுக்குக் கீழே வைத்தபோது, இது என்ன துணி அத்தை என்று மருமகள் கேட்டாள். ஆரியசாலையில் பிறந்த ஒரே காரணத்தால் உன் புருஷனுக்குக் கிடைத்த இடம் என் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை, அந்தத் துணி என்றேன்.