ஒன் வேலை எடத்துல காத்தாடி இருக்கா?

சிறையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ஆண்கள் சம்பளத்தைக் கேட்பார்கள். பெண்கள் பயமாக இல்லையா என்பார்கள். பயமெல்லாம் முதல் வருஷத்தோடு போய்விட்டது. போகாமல் ஒட்டிக்கொண்டது வேறொன்று. எங்கள் இடத்தில் எந்தக் கதவையும் நாமாகத் தள்ளித் திறந்துவிட முடியாது. முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் திறப்பார், நாம் உள்ளே வந்ததும் பின்னால் பூட்டுவார். அப்புறம் அடுத்த கதவு. இதே பழகிப்போய், ஒரு நாள் லோபாக் கடைத்தெருவில் ஒரு கடையின் கண்ணாடிக் கதவு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சீனத்தி ஒருத்தி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கையை நீட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் அப்பாவைக் கேட்டால் உலகத்திலேயே உயர்ந்த வேலை இதுதான் என்பார். போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் காலமெல்லாம் குலை வெட்டியவர். அம்மா போன பிறகும் லயத்து வரிசை வீட்டை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாகத் தனியாக இருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம், இருக்க குவாட்டர்ஸ், நோய் வந்தால் மருந்து, வயதானால் பென்சன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் வேலையைப் பற்றி மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். எதுவும் பொய்யில்லை. இந்தச் சனியனே வேண்டாம், விட்டுத் தொலைத்துவிடலாம் என்று நான் நினைத்த போதெல்லாம் இவைதான் வந்து காலைக் கட்டின. குவாட்டர்ஸும் சிறைச் சுவரை ஒட்டியே இருக்கிறது. உள்ளே அடிக்கிற மணி என் சமையலறையிலும் கேட்கும். லீவு நாளில்கூட அந்த மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன்.

எதிர் வீட்டு அத்தையின் மகள், பெண் கைதிகள் இருக்கும் எங்கள் பிளாக்குக்கு வந்தது அப்படிப்பட்ட ஒரு சாதாரண நாளில்தான். அத்தை எனக்குச் சொந்தமில்லை. தோட்டத்தில் எதிர் லயத்தில் இருப்பவர் அத்தை, அவ்வளவுதான் கணக்கு. நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது பிறந்த பெண் இவள். இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன். எவனோ ஒருவன் நைச்சியமாகப் பேசிக் கேட்டான் என்று தன் வங்கி அட்டையைக் கொடுத்திருக்கிறாள். ஊரை ஏமாற்றிய பணமெல்லாம் அவள் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. அவன் தப்பிவிட்டான், இவள் வந்துவிட்டாள்.

புதிதாக வருகிறவர்களை வரிசையில் நிறுத்தியிருந்தோம். என்னைப் பார்த்ததும் அவள் முகம் கோணிக்கொண்டது.

"அக்கா... அம்மாவுக்குத் தெரிய வேணாங்கா. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தெரிஞ்சா செத்துப் போயிரும்."

"இங்க அக்கா இல்ல. புவான்" என்றேன். மலாயில் அம்மணி என்று அர்த்தம், உள்ளே எங்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

கல் நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், தெரிந்த பெண், எங்கள் தோட்டம், என்னை வேறு பிளாக்குக்கு மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் மலாய்க்கார அம்மா, நல்லவர்தான். தமிழ் பேச இந்தப் பிளாக்கில் நீ ஒருத்திதான் இருக்கிறாய், உன்னை எங்கே மாற்றுவது என்றார். இரு, ஆனால் வெளியிலிருந்து ஒரு செய்தி உள்ளே வரக்கூடாது, உள்ளிருந்து ஒரு செய்தி வெளியே போகக்கூடாது, போனால் உன் வேலை போகும், பென்சனும் போகும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவள் கடிதம் எழுதலாம், அம்மாவைப் பார்க்க வரச் சொல்லலாம். எல்லாருக்கும் உள்ள உரிமைதான். அவள் இரண்டுக்கும் மாட்டேன் என்றுவிட்டாள். அதற்கு மேல் நான் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். கார் நின்றதும் அத்தை எதிர் வீட்டிலிருந்து வருவார். எப்போதும் வருகிறவர்தான். மீன் விலை, யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பேசுவார். மகள் சிங்கப்பூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போன பிறகு பேச்சு மாறியது.

"ஏ புள்ள, ஒன் வேலை எடத்துல காத்தாடி இருக்கா?"

"ஆபீஸ்ல ஏர்கோனே இருக்கு அத்தை."

"ஆபீஸ விடு. மத்த எடத்துல?"

"மேல காத்து வர்ற மாதிரி ஓட்டை வெச்சிருப்பாங்க. அவ்வளவு வேக்காடு இருக்காது."

அடுத்த வாரம் குளிக்கத் தண்ணீர் தாராளமாக வருமா என்று கேட்டார். அதற்கடுத்த வாரம் காலையில் பசியாற என்ன கொடுப்பார்கள் என்று கேட்டார். எனக்கா, நான் வீட்டில் பசியாறிவிட்டுத்தான் போவேன் என்றேன். "அதுக்கில்லலா, சும்மா கேட்டேன்" என்று சிரித்தார். அப்பா குறுக்கே புகுந்து, அரசாங்கம் எதையும் குறை வைக்காது, சோறு, மீன், கீரை, பழம் எல்லாம் உண்டு, நம்ம புள்ள ரிட்டயர் ஆனாலும் ராஜாத்தி மாதிரி இருக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். அத்தை சோறு, மீன் வரைக்கும்தான் காது கொடுத்தார். எனக்குள் எரிச்சல்தான் வந்தது. யார் பெண்ணையோ வேலையில் சேர்த்துவிடச் சொல்லிக் கேட்கப் போகிறார், அதற்குத்தான் இத்தனை சுற்றி வளைக்கிறார் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு, நான் அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அங்க ஒத்தத் தலைவலி வந்தா மாத்திரை கேட்டா குடுப்பாங்களா? இல்ல, நடிக்கிறேன்னு வையிவாங்களா?"

எனக்குத் தலைவலியே வந்ததில்லை. ஒற்றைத் தலைவலி அந்தப் பெண்ணுக்கு. சின்ன வயதில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு இருட்டில் படுத்துக் கிடப்பாள். லயமே ரேடியோவைக் குறைத்து வைக்கும். அந்த வாரம்தான் அவளுக்கு வலி வந்து, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன். கையில் இருந்த சட்டையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்றாடியும் குளிக்கிற தண்ணீரும் பசியாறலும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கு வரை நான் கேட்டதில்லை.

"கேட்டா குடுப்பாங்க அத்தை" என்றேன். "டாக்டர் வருவாரு. யாரும் வைய மாட்டாங்க."

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஜாஸ்தி என்றார். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். உள்ளே ஒருத்தி, அம்மாவுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே கும்பிடுகிறாள். வெளியே ஒருத்தி, தனக்கு ஒன்றும் தெரியாதது போல நடித்துக்கொண்டு, தூங்கப் பாய் கொடுப்பார்களா, கொசு கடிக்குமா, ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டுக்கொள்வார்களா என்று என் வேலையைப் பற்றி விசாரிக்கிறாள். உங்களுக்குத் தெரியும் என்று அத்தையிடம் சொன்னால் மகள் உள்ளே இருப்பதைச் சொன்னதாக ஆகிவிடும். அம்மாவுக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னால் செய்தி உள்ளே போனதாக ஆகிவிடும். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆத்தாளும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் முடிகிற காரியம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான். தோட்டத்துக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அப்பாவுக்குச் சாமான் யார் கொண்டு போவார்கள்?

அந்த நேரம் பார்த்து தோட்டம் கைமாறியது. மாதக் கடைசிக்குள் லயங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா ஒருவழியாக என்னோடு வரச் சம்மதித்தார். அத்தை ரஹாங்கில் தங்கை வீட்டுக்குப் போவதாக முடிவானது. அவர்கள் போன மறு வாரமே லயங்களை இடித்துவிடுவார்கள் என்று பேச்சு.

அந்த மறு வாரத்தில்தான் அவளுக்கு விடுதலை. போகிறவர்களைக் கூப்பிட்டு வெளியே போய் எங்கே தங்குவாய் என்று கேட்பது வழக்கம். மலாயில் கேட்டார்கள், அவளுக்குத் தடுமாறினால் நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் நின்றேன். அவள் தடுமாறவே இல்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னாள், லயத்தைச் சொன்னாள், வீட்டைச் சொன்னாள். அம்மா இருக்கிறார்கள் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இந்தப் பெண் அங்கே போய் இறங்கி, இடித்துப் போட்ட கல்லையும் தகரத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறாள். அவள் கைப்பேசி வழக்கோடு போய்விட்டது. அம்மா நம்பரும் அதோடு போய்விட்டது. யாரைக் கேட்பாள்? சிறையில் இருந்தது தெரிந்துதான் அம்மா சொல்லாமல் போய்விட்டாள் என்று நினைத்துவிட்டால்? வாயைத் திறந்தால் ஒரே வார்த்தை. ரஹாங். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்தேன்.

கடைசி ஞாயிறு அப்பாவின் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரே உட்கார்ந்தார். அன்றைக்குக் காற்றாடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெகு நேரம் ஒரு குவளையை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரஹாங்குல இருந்து ஒன் வேலை எடத்துக்கு பஸ்ஸு இருக்காமே" என்றார். "இத்தன வருசம் பேசுறோம், ஒரு நாளும் நான் பாத்ததில்ல. உள்ளார வரலடி. வெளிய நின்னு பாத்துட்டுப் போயிர்றேன். எந்த நாளு வந்தா தோது?"

பக்கத்து அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். என் பென்சன், என் குவாட்டர்ஸ், நாளைக்கு அதே குவாட்டர்ஸுக்கு வரப்போகிற அப்பா எல்லாம் அந்த அறையில் வந்து உட்கார்ந்துகொண்டது மாதிரி இருந்தது. வேடிக்கை பார்க்க வருகிற ஒரு கிழவிக்கு நாள் சொல்வது குற்றமா? எனக்கு நானே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்து பார்த்தேன். தீர்ப்பு வரவில்லை. அத்தை என்னைப் பார்க்காமல் குவளையையே துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குவளை எப்போதோ காய்ந்துவிட்டது.

"அடுத்த வாரம் செவ்வாக்கெழம வாங்க அத்தை" என்றேன். "காலையிலயே வந்துருங்க. வெயில் ஏறிட்டா நிக்க முடியாது."

"சரிடியம்மா" என்றார். குவளையைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, விடுதலையாகும் அவளை வெளிக்கதவு வரைக்கும் கூட்டிப்போகும் வேலை என்னுடையது. வந்த அன்று போட்டிருந்த உடுப்பே, இப்போது தொளதொளவென்று இருந்தது. ஒவ்வொரு கதவாக நின்றோம். திறந்தார்கள், பூட்டினார்கள். தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் எங்கே நிற்கும் புவான் என்று கேட்டாள். பெரிய சாலைக்குப் போனால் தெரியும் என்றேன். அத்தை வந்திருப்பாரா? பஸ் மாறி ஏறியிருந்தால்? காய்ச்சலில் படுத்திருந்தால்?

வெளிக்கதவில் இருந்த காவலாளி சின்னக் கதவைத் திறந்தான். சாலைக்கு அந்தப் பக்கம், மரத்தடியில், கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலையில், குடையோடு அத்தை நின்றிருந்தார்.

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். காவலாளியும் என்னைப் பார்த்தான். இந்தப் பெண்ணைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை என்று அவனுக்குத் தெரியும். இவர்களுக்கு யார் சொன்னது என்று மலாயில் கேட்டான்.

அத்தை சாலையைக் கடந்து வந்தார். மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அழவில்லை. மணிக்கட்டைப் பிடித்தார், அவ்வளவுதான்.

"அக்கா..." என்று அவள் என் பக்கம் வாயெடுத்தாள். அத்தை அந்த மணிக்கட்டை ஒரு இழுப்பு இழுத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அத்தை என்னைப் பார்த்தார். இதற்கு முன் என்னைக் கண்டதே இல்லை என்பது மாதிரி, சட்டையைப் பார்த்து, தொப்பியைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் குனிந்தார்.

"தெரிமா காசே, புவான்" என்று மலாயில் நன்றி சொன்னார்.

நான் பிறந்ததிலிருந்து என்னை ஏ புள்ள என்று கூப்பிட்டவர். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமா சாமா, மாச்சிக்" என்றேன், இருக்கட்டும் பெரியம்மா என்று எந்த மலாய்க்காரக் கிழவிக்கும் சொல்வது போல.

இரண்டு பேரும் குடைக்குள் நடந்து போனார்கள். அத்தை திரும்பிப் பார்க்கவே இல்லை. என் வேலையை என் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காவலாளி சின்னக் கதவைச் சாத்திப் பூட்டினான். நான் உள்கதவின் முன்னால் போய், யாராவது வந்து திறக்கட்டும் என்று நின்றேன்.