பொட்டு வைத்த டயர்

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியது புத்திகெட்ட வேலை என்று என் மனைவி சொல்வாள். இரண்டே சீட், தரையை ஒட்டிய உயரம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் இருபது வருடம் அதைக் கழுவித் துடைத்தவர் என் அப்பா. ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. துரை ஏறச் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. துரை போன பிறகு கார் விலைக்கு வந்தது. ஹட்டனில் போன் கடை வைத்திருந்த நான் சேமித்ததையெல்லாம் கொட்டி வாங்கினேன். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இறம்பொடை அனுமார் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆயுத பூசையன்று நான்கு டயருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பயணம். வியாழனன்று சும்மா ஓட்டிப் பார்த்தபோது டிக்கோயா வளைவில் பின் டயர் வெடித்தது. மதிலில் மோதாமல் நின்றது அனுமார் புண்ணியம்.

மெக்கானிக் காரைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். "பொட்டு வச்ச பக்கம் நல்லாத்தான் இருக்குண்ணே. உள்பக்கத்த குனிஞ்சு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நான்கிலும் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரிந்தது. சக்கரங்களை நேராகப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள் நைந்துபோய்ச் சக்கரங்கள் சாய்ந்தே ஓடியிருக்கின்றன. "புஷ் மாத்தாம டயர் போட்டா புதுசையும் தின்னுரும்" என்றார். நான்கு டயரின் விலையில் என் கடைச் சரக்கில் பாதி வாங்கலாம். புஷ்ஷுக்கும் வேலைக்கும் தனி.

அந்த அளவு டயர் மலையில் எங்கும் இல்லை. கொழும்பில் கார் பெயரைக் கேட்டதுமே சிரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். புஷ் வந்தபோது டயர் வரவில்லை. டயர் வந்தபோது அதில் ஒன்று வேறு அளவு. திருப்பி அனுப்பிக் காத்திருந்தேன். இப்படியே ஒன்றரை வருடம் போனது, என் சேமிப்பும் போனது.

முதலில் அப்பா வாரம் ஒருமுறை பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, ஓடாத காரைத் துடைத்துவிட்டுப் போவார். பிறகு வருவது நின்றது. மழை என்றார். நான் அவர் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் போகும்போதெல்லாம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசுவார். நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் புது டயரோடு லயத்து வாசலில் காரை நிறுத்தினேன். அப்பா அந்தப் புதுச் சட்டையில் வந்தார், சுவரைப் பிடித்துப் பிடித்து. கார்க் கதவைப் பற்றிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். அவ்வளவு தாழ்ந்த சீட்டுக்கு முழங்கால் மடங்கவில்லை. நான் தாங்கிப் பிடித்து மறுபடி முயன்றோம். வலியில் முனகினார். விட்டுவிட்டேன்.

"எப்ப இருந்துப்பா இப்படி?"

"போன வருசத்துல இருந்துதான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாதான் என்னைத் தேற்றினார்.

"நீ முன்னால ஓட்டிக்கிட்டுப் போய்யா. நா பஸ்ஸுல வந்துர்றேன்."

சொல்லிவிட்டு, கதவில் பதிந்திருந்த தன் கைத்தடத்தைப் புதுச் சட்டை நுனியால் துடைத்தார்.